கல்குவாரிக் குட்டையில் பறவைகள்: எலித் தொல்லைக்கும் உதவும்

போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் உங்கள் தோட்டத்தை ஒட்டி வெட்டி முடித்த கல்குவாரி இருக்கிறதா? மண் கொட்டி மூடும் முன் பாறைச் சுவரை ஒரு முறை பாருங்கள். கொம்பன் ஆந்தை இருக்கலாம்.

இது கூடு கட்டாது. பாறை இடுக்கிலோ விளிம்பிலோ வெறும் தரையில் முட்டையிடும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதன் பருவம். முக்கிய இரை எலிதான். இதன் அலறலை அபசகுனம் என்று கல்லெறிபவர்கள் உண்டு; எலி அவர்கள் தோட்டத்திலும்தான் இருக்கிறது. முட்டையை எடுப்பதோ பறவையைப் பிடிப்பதோ 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குவாரி இன்னும் இயங்கினால், ஆந்தை அமர்ந்த பக்கத்தை அந்த மாதங்களில் வெட்டாமல் விடச் சொல்லிக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குழியில் தேங்கும் நீரின் ஒரு கரையையாவது சரிவாக்கினால் ஆழமில்லாத ஓரம் கிடைக்கும். அங்கே கோரை முளைத்தால் முக்குளிப்பான் மிதக்கும் கூடு வைக்கும். சரளைத் தரையில் ஆள்காட்டி முட்டையிடும். முட்டை கல் போலவே இருப்பதால் டிராக்டர் ஏறிவிடும், கவனம். செங்குத்தான பக்கங்களுக்குக் கட்டாயம் வேலி போடுங்கள்.

புரோமோடயலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடிக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். குட்டை அருகே எலிப்பொறியே போதும். ஏலத்துக்கு மருந்தடித்த தெளிப்பானை அந்த நீரில் கழுவாதீர்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் அதில் விடாதீர்கள்.