தாவரப் பொருட்களின் துணையுடன் காந்த நானோ துகள்கள்: ஆர்சனிக் கலந்த நீரைச் சுத்திகரிக்க உதவும் முறை

மேற்கு வங்கம், பீகார் உள்ளிட்ட கங்கைச் சமவெளி மாநிலங்களில் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக்கை அகற்ற ஆராயப்பட்டு வரும் பொருட்களுள் காந்த நானோ துகள்களும் அடங்கும். நிறமோ மணமோ சுவையோ இல்லாத இந்த நஞ்சு கலந்த நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்குத் தோல் பாதிப்பும் புற்றுநோயும் ஏற்படுகின்றன. குடிநீரில் இதன் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என இந்திய தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது.

இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த மேக்னடைட் என்னும் சேர்மத்தின் மேற்பரப்பில் ஆர்சனிக் எளிதில் ஒட்டிக்கொள்ளும். துகள் சிறுத்தால் அதே எடையில் கிடைக்கும் மேற்பரப்பு பெருகும். ஆனால், அத்தனை நுண்ணிய துகளை நீரிலிருந்து வடிகட்டுவது கடினம். அவ்விடத்தில்தான் காந்தம் கைகொடுக்கிறது. சுமார் 12 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் துகள்களை வலுக்குறைந்த காந்தப் புலத்தாலேயே பிரித்தெடுக்க முடியும் என்று அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் தெரிவித்தனர்.

தூய வேதிப்பொருட்களைக் கொண்டு இத்துகள்களைத் தயாரிக்க அதிகச் செலவாகும். எனவே, துரு, சமையல் எண்ணெய், வினிகர், அடைப்பு நீக்கப் பயன்படும் காஸ்டிக் சோடா ஆகியவற்றைக் கொண்டே அவற்றைத் தயாரிக்கும் முறையை அக்குழுவினர் பின்னர் வெளியிட்டனர். எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் துகள்களைப் போர்த்தி, அவை ஒன்றோடொன்று திரளாமல் தடுக்கின்றன.

காந்தத் தன்மை இரும்பிலிருந்தே வருகிறது, தாவரத்திலிருந்து அன்று. தாவரப் பொருள் துகளுக்குப் போர்வையாகவோ தாங்கியாகவோ வினைக்கு உதவும் பொருளாகவோ அமைகிறது. வைக்கோல், தேங்காய் ஓடு போன்றவற்றை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடேற்றினால் காந்தத் தன்மை கொண்ட கரி கிடைக்கும். இலைச் சாறுகளைப் பயன்படுத்தும் முறைகளும் உள்ளன. எனினும், இவற்றில் எச்சரிக்கை தேவை. தேயிலைச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்தவுடன் கலவை கறுத்துவிடும். அது பெரும்பாலும் பாலிஃபீனால்களுடன் இரும்பு இணைந்ததன் விளைவே. கருநிறத்தை மட்டும் கண்டு காந்தத் துகள் உருவாகிவிட்டதாகக் கொள்ள இயலாது. எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு, காந்த அளவீடு ஆகிய சோதனைகளே அதனை உறுதி செய்யும். இலையின் வகையும் பறித்த பருவமும் மாறினால் சாற்றின் சேர்க்கையும் மாறுவதால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவுள்ள துகள்களைப் பெறுவது எளிதன்று.

நீரிலுள்ள பாஸ்பேட், துகளின் மேற்பரப்பில் இடம்பிடிக்க ஆர்சனிக்குடன் போட்டியிடும். ஆகையால், ஆய்வகத்தில் தூய நீரில் கிடைக்கும் பலன் கிராமத்துக் குழாய்க் கிணற்று நீரில் அப்படியே கிடைப்பதில்லை. பயன்படுத்திய துகள்களில் ஆர்சனிக் தங்கியிருக்கும் என்பதால், அவற்றை வயலிலோ குளத்திலோ கொட்டாமல் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதும் அவசியமாகும்.