விண்ணப்பமும் விடுதலையும்: கல்வி உளவியலில் உயர்பட்டம் நாடிய கறுப்பினத்தார் வரலாறு

கல்வி உளவியல் என்பது குழந்தை எவ்வாறு கற்கிறது, எதனால் கற்கத் தயங்குகிறது, அதன் அறிவாற்றலை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவற்றை ஆராயும் துறையாகும். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஓர் ஆசிரியர் ஒரு சிறுவனைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அச்சொல் வாழ்நாள் முழுவதும் அவனைத் தொடர்ந்து வருவதை நம் ஊர்களிலே கண்டிருக்கிறோம். ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்லே இத்துணைத் தீங்கு செய்யுமெனில், அதே சொல் அறிவியலின் பெயரால் ஓர் இனம் முழுமைக்கும் சொல்லப்படுமானால் விளையும் தீங்கு எத்துணைப் பெரிதாயிருக்கும்!

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாறே நிகழ்ந்தது. அதனை எதிர்த்து நின்றோருள் கறுப்பின மக்களிடையே தோன்றிய மாணவர் சிலர் முன்னணியில் இருந்தனர். பல்கலைக்கழகத்திற்கு எழுதிய விண்ணப்பமே அவர்கள் கையில் எடுத்த முதற் கருவியாகும். கல்வியையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அவர்தம் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமுடையது.

அளவுகோல் வந்த வரலாறு

1905ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஆல்பிரட் பினே என்பார், பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவும்பொருட்டு ஒரு சோதனையை வகுத்தார். அச்சோதனை அமெரிக்கா சென்றதும் அதன் நோக்கம் மாறிற்று. 1916இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து லூயிஸ் டெர்மன் அதனைத் திருத்தி வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்கள் இத்தகைய நுண்ணறிவுச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்கள் பெற்ற மதிப்பெண்களை ஆதாரமாகக் காட்டி, கறுப்பினத்தார் பிறவியிலேயே அறிவிற் குறைந்தவர் என்னும் கருத்தைக் கார்ல் பிரிகாம் என்னும் உளவியலார் 1923இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

அதனை மறுத்தவர்களுள் ஹொரேஸ் மான் பாண்டு என்னும் கறுப்பின இளைஞர் குறிப்பிடத்தக்கவர். ஏறத்தாழ இருபது வயதினரான அவர், 1924இல் அதே படைச் சோதனைப் புள்ளிகளைக் கையில் எடுத்தார். வடமாநிலங்கள் சிலவற்றின் கறுப்பின வீரர்கள், தென்மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளை வீரர்களைக் காட்டிலும் கூடுதலாக மதிப்பெண் பெற்றிருப்பதை எடுத்துக்காட்டினார். நல்ல பள்ளி இருந்த இடத்தில் மதிப்பெண் உயர்ந்திருந்தது. இல்லாத இடத்தில் தாழ்ந்திருந்தது. தோலின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம். 1930இல் பிரிகாம் தாமே தம் முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பாண்டு 1936இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

முதற் கதவு

மேற்பட்டம் நாடிய கறுப்பின மாணவருக்கு அக்காலத்தில் மூன்று தடைகள் இருந்தன. தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களைச் சேர்ப்பதில்லை. அங்கிருந்த கறுப்பினக் கல்லூரிகளில் டாக்டர் பட்டப் படிப்பு இல்லை. வடக்கே சென்று விண்ணப்பித்தாலோ, கறுப்பினக் கல்லூரி அளித்த இளங்கலைப் பட்டத்தை முழுமையானதென ஏற்கப் பல பல்கலைக்கழகங்கள் தயங்கின. ஆகவே, படித்த படிப்பையே மீண்டும் ஒருமுறை படித்துக் காட்டவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

பிரான்சிஸ் சிசில் சம்னர் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். 1895இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த இவர், முறையான உயர்நிலைப் பள்ளிக் கல்வி பெறாதவர். பெற்றோரே அவருக்கு ஆசான்களாயினர். எழுத்துத் தேர்வு ஒன்றின் மூலம் பதினைந்தாம் வயதில் பென்சில்வேனியாவிலிருந்த லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1915இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். அதன் பின்னரும், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1916இல் இரண்டாவது இளங்கலைப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் தலைவரும் புகழ்பெற்ற உளவியலாருமான ஸ்டான்லி ஹால் என்பாருக்குக் கடிதம் எழுதி ஆதரவு பெற்றார். இடையில் படைப்பணிக்கு அழைக்கப்பட்டுப் பிரான்சு சென்று திரும்பி, 1920இல் டாக்டர் பட்டம் பெற்றார். உளவியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. 1928 முதல் 1954இல் மறையும் வரை வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை வளர்த்தார். தாம் நுழைந்த கதவைத் தமக்குப் பின்வருவோர்க்கும் திறந்து வைத்த பெருமை அவருக்குண்டு.

பிராசர் அம்மையார்

டெக்சாஸ் மாநிலத்தில் பதினொரு குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் ஈனெஸ் பெவர்லி பிராசர் அம்மையார். குடும்பத்தின் பொருள்நிலை ஒருவரை மட்டுமே கல்லூரிக்கு அனுப்ப இடங்கொடுத்தது என்றும், அவ்வாய்ப்பை அண்ணன் லியான் தங்கைக்கு விட்டுக்கொடுத்தார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. பிரெய்ரி வியூ கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஆஸ்டின் நகரின் ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். 1916இல் மணந்துகொண்ட கணவர் ரூபஸ் பிராசர், கடையொன்றில் மின்தூக்கி இயக்கும் பணியாளர். பள்ளிப் பணியைச் செய்துகொண்டே படித்து, 1926இல் சாமுவேல் ஹியூஸ்டன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

மேற்கொண்டு படிக்க விரும்பிய அவரை, அதே ஆஸ்டின் நகரில் அமைந்திருந்த டெக்சாஸ் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாது. தம் வரிப்பணத்தால் நடைபெறும் கல்விக்கூடம் தம் ஊரிலேயே இருக்க, அவர் கொலராடோ பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்து, 1927இல் கல்வி உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆங்கில இலக்கணத் தேர்வுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதே அங்கு அவர் ஆராய்ந்த பொருள். வகுப்பறையில் அன்றாடம் தாம் கண்ட ஒன்றையே அவர் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார்.

பின்னர் டில்லட்சன் கல்லூரியிலும், மிசிசிப்பி மாநிலத்து டூகலூ கல்லூரியிலும் பொறுப்புள்ள பதவிகள் வகித்தார். டாக்டர் பட்டத்துக்குப் பொருளுதவி வேண்டி, ராக்பெல்லர் நிதியால் இயங்கிய பொதுக் கல்வி வாரியத்திற்கு விண்ணப்பித்தார். தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் கற்பித்தலை மேம்படுத்தக்கூடிய ஆய்விலேயே தமக்கு நாட்டம் என்று அதில் தெரிவித்தார். உதவித்தொகை கிட்டிற்று. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1933இல் பட்டம் பெற்றார். உளவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி எனப் பலரும் அவரையே குறிப்பிடுவர்.

இவ்வுயர்வினால் அவர் தம்மை மட்டும் உயர்த்திக்கொள்ளவில்லை. உடன்பிறந்தோர் கல்விக்கும் அவர் பொருளுதவி செய்தார். அவர்களுள் ஐவர் கல்லூரிப் பட்டம் பெற்றனர். விட்டுக்கொடுத்த அண்ணனின் அன்பு வீண்போகவில்லை எனலாம்.

ஆய்வு சொன்ன உண்மை

பிராசர் அம்மையாரின் ஆய்வு, கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையரோடு ஒருங்கே பயிலும் பள்ளிகளிலும், தனிப் பள்ளிகளிலும் எவ்வாறு வளர்கிறார்கள் என்பதைப் பற்றியது. பாடத்தில் பெறும் மதிப்பெண்ணை விடுத்து, குழந்தையின் மனநிலை, தன்மதிப்பு, பிறரோடு பழகும் பாங்கு ஆகியவற்றை ஆராய்ந்தார். பல வகையிலும் ஒத்திருந்த 32 இணைக் குழந்தைகளைத் தேர்ந்து ஒப்பிட்டார். தம்மவரே ஆசிரியராக இருந்த தனிப் பள்ளியில் பயின்றோர் மன அமைதியிலும் பழகுமுறையிலும் மேம்பட்டிருக்கக் கண்டார். ஒருங்கே பயின்றோர் பலர், தாழ்வு மனப்பான்மையாலும் ஒதுக்கப்படுகிறோம் என்னும் உணர்வாலும் வருந்தினர்.

நிறப்பிரிவினையை எதிர்த்துப் போராடிய மக்களுக்கு இது இனிப்பான முடிவன்று. எனினும், கண்டதைக் கண்டவாறே எழுதினார் அம்மையார். அம்முடிவைப் பிரிவினைக்கு வக்காலத்து என்று கொள்ளுதல் பிழை. ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. ஆசிரியரின் பார்வையும் உடன்பயில்வோரின் நடத்தையும் மாறவேண்டும் என்பதே அதனுள் அடங்கிய பாடம். குழந்தையின் மதிப்பெண்ணை அளந்தவர் பலர். அதன் நெஞ்சின் நோவை அளக்கவேண்டும் என்று எண்ணுவதற்கு, அந்நோவை அறிந்த ஒருவர் பல்கலைக்கழகத்துள் நுழையவேண்டியிருந்தது.

பட்டம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1934 செப்டம்பரில், கார் விபத்தொன்றில் காயமுற்று அம்மையார் மறைந்தார். அவர் விட்ட பணியைப் பிறர் தொடர்ந்தனர். மார்ட்டின் ஜென்கின்ஸ் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1935இல் டாக்டர் பட்டம் பெற்றார். மிகு திறன் வாய்ந்த கறுப்பினக் குழந்தைகளைச் சிக்காகோ பள்ளிகளிலே தேடிக் கண்டறிந்தார். நுண்ணறிவு ஈவு 200 பெற்ற ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றித் தம் பேராசிரியரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, பிறவித் தாழ்வு பேசியோர்க்குத் தக்க விடையாக அமைந்தது.

தனி இருக்கை

தென்மாநிலங்கள் சில, தம் கறுப்பின மாணவரை வெளிமாநிலத்துக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்திவிட்டுக் கடமை முடிந்ததெனக் கருதின. 1938இல் மிசூரி மாநிலச் சட்டக் கல்லூரி தொடர்பான கெயின்ஸ் வழக்கில், மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே கல்வி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் பின்னும் சூழ்ச்சிகள் ஓயவில்லை. முதுகலைப் பட்டம் பெற்றிருந்த ஜார்ஜ் மெக்லாரின், கல்வித்துறையில் டாக்டர் பட்டம் பெற 1948இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணமாக்கி மறுத்தனர். நீதிமன்றம் தலையிட்டதும் சேர்த்துக்கொண்டனர், ஆனால் எவ்வாறு? வகுப்பறையை ஒட்டிய முன்னறையில் அவருக்குத் தனி மேசை. நூலகத்தில் பொதுப் படிப்பறைக்குள் இடமில்லை. இடைமாடியில் ஒரு தனி மேசை. உணவகத்திலும் தனி மேசை. உண்ணும் வேளையும் வேறு. பின்னர் வகுப்பறைக்குள் இடம் தந்தபோதும் அதைச் சுற்றிக் கம்பியடைப்பு எழுப்பினர்.

இதனைப் படிக்கும் நம்மவர்க்கு விளக்கம் வேண்டுமோ? பள்ளியில் சாக்குத் துணியின்மேல் தனியே அமர்ந்து கற்ற அண்ணல் அம்பேத்கரின் இளமைக்காலம் நினைவுக்கு வராமற் போகாது. 1950 ஜூன் 5ஆம் நாள், இத்தகைய கட்டுப்பாடுகள் மாணவன் பயில்வதையும் பிற மாணவரோடு கருத்துப் பரிமாறுவதையும் கெடுக்கின்றன என்று கூறி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவற்றை நீக்கிற்று. இருக்கையும் கல்வியின் ஒரு பகுதியே என்பதைச் சட்டம் அன்று ஒப்புக்கொண்டது.

பொம்மைகள் தந்த சான்று

ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சம்னரிடம் பயின்றவர் கென்னத் கிளார்க். அவர் மனைவி மேமி பிப்ஸ் கிளார்க், கறுப்பினக் குழந்தைகளிடம் தன்னுணர்வு தோன்றுவதைப் பற்றி 1939இல் அங்கே முதுகலை ஆய்வு செய்தார். இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முறையே 1940, 1943 ஆண்டுகளில் டாக்டர் பட்டம் பெற்றனர். மேமி அம்மையாருக்கு வழிகாட்டியாக இருந்த ஹென்றி காரட், இன வேற்றுமையில் நம்பிக்கை கொண்டவர்.

கிளார்க் இணையர் 253 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டினர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே நாடினர். பழுப்புப் பொம்மையே அழகற்றது என்றோர் பாதிக்கு மேல். வடபகுதியில் வெள்ளையரோடு ஒருங்கே பயின்ற குழந்தைகளிடமும் இப்போக்கு குறையவில்லை. பிராசர் அம்மையார் கண்டது மீண்டும் மெய்ப்பட்டது. 1952இல் விர்ஜீனியா மாநிலப் பள்ளி வழக்கொன்றில் காரட் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். அவருக்கு மறுப்பாகச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் அவர் மாணவியான மேமி அம்மையாரே! 1954 மே 17ஆம் நாள் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதன் அடிக்குறிப்பில் கிளார்க்கின் எழுத்தும் சான்றாக இடம்பெற்றது.

நாம் கொள்ளத்தக்கது

மேமி அம்மையார் பட்டம் பெற்ற அதே கொலம்பியாவில், அவருக்கு முப்பது ஆண்டுகட்கு முன், 1913இல், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் அண்ணல் அம்பேத்கர் சேர்ந்தார். கல்வித் தத்துவ மேதை ஜான் டூயியின் வகுப்புகளைக் கேட்டார். 1946இல் கறுப்பினப் பேரறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலுமுள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலானதன்று.

நம் சமுதாயத்தில் ஆசிரியர்கள் தோன்றியிருக்கிறார்கள்; பொறியாளரும் மருத்துவரும் அலுவலரும் தோன்றியிருக்கிறார்கள். இவற்றோடு, குழந்தையின் உள்ளத்தை ஆராயும் துறைக்கும் நம்மவர் பெருமளவில் செல்லவேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறை மாணவன் ஏன் வாய் திறந்து வினா எழுப்பத் தயங்குகிறான்? திறமிருந்தும் இடையில் நின்றுவிடும் பெண் எதனால் நிற்கிறாள்? சாதிப் பெயர் கேட்டுப் பழகிய வகுப்பறை அவர்கள் நெஞ்சில் என்ன விதைக்கிறது? இவ்வினாக்களை ஆய்வுப் பொருளாக்குவதற்கு, பிராசர் அம்மையாரைப் போல் உள்ளிருந்து அறிந்தவர் வேண்டும்.

பொருளின்மை பெருந்தடையே. அதனை நீக்கும் பொருட்டே 1944இல் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையும், 1954-55இல் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும், 2005-06இல் பட்டியலினத்தவர் ஆய்வுக்கான தேசிய உதவித்தொகையும் தோன்றின. உரிய காலத்தில் செய்தி அறிந்து, சான்றிதழ்களைத் திரட்டி, முறையாக விண்ணப்பிப்போர்க்கே அவை பயன்படும். அச்செய்தியை ஒவ்வொரு சேரிக்கும் கொண்டு சேர்த்தல் கல்விச் சங்கங்களின் கடமையாகும்.

இளைஞர்களே! விண்ணப்பத்தில் உங்கள் நோக்கத்தை எழுதச் சொல்லும் இடத்தில் தயங்கி நிற்காதீர்கள். நீங்கள் படித்த பள்ளியையும், உங்களோடு படித்து இடையில் நின்றவரையும் நினைத்து எழுதுங்கள். மறுக்கப்பட்டால் மீண்டும் எழுதுங்கள். நம் குழந்தைகளின் அறிவை அளக்கும் கோல் நம்மவர் கையிலும் இருக்கவேண்டும். அதற்கான முதல் வரியை எழுதவேண்டியவர் நீங்களே.