திசை மாறிய தராசு

இன்று அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு பெரிய பலசரக்குக் கடைக்குள் அல்லது மருந்துக்கடைக்குள் நுழைகின்றவர், சரக்கைத் தாமே எடுத்து, தாமே ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் காட்டி, விலையைத் தாமே பதிவு செய்து, தாமே பணம் செலுத்தி, தாமே பையிலிட்டுக்கொண்டு வெளியேறுகின்றார். கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்து கணக்குப் பார்க்கும் சிப்பந்தி அங்கே இல்லை. ஐந்தாறு இயந்திரங்களுக்குப் பொதுவாக ஓர் ஊழியர் ஓரத்தில் நின்று கண்காணிக்கின்றார், அவ்வளவுதான். இது கணிப்பொறி யுகம் நேற்றுப் பெற்றெடுத்த குழந்தை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இதன் வேர் நூறாண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டது. கடைக்காரர் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கொள்வோரின் கைக்கு இடம்பெயர்ந்த நெடுங்கதையின் பிற்பகுதியே இந்த இயந்திரம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பலசரக்குக் கடையின் அமைப்பு நம் நாட்டு மளிகைக் கடையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. நீண்ட பலகை ஒன்று கடையைக் குறுக்காகப் பிரித்து நிற்கும். இப்பக்கம் கொள்வோர், அப்பக்கம் சரக்கும் சிப்பந்தியும். கொள்வோர் பட்டியலைச் சொல்ல, சிப்பந்தி ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். கடன் கணக்கு உண்டு. வீடு தேடிச் சரக்கு அனுப்புவதும் உண்டு. வருவோர் தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். சிப்பந்திகளின் ஊதியமும் கடனால் வரும் இழப்பும் சரக்கின் விலையில்தான் ஏறும்.

இந்தப் பலகையை அகற்றியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில், 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், 'பிக்லி விக்லி' என்னும் விந்தைப் பெயருடன் அவர் ஒரு கடையைத் திறந்தார். வாயிலில் சுழலும் தடுப்பு. உள்ளே சென்றவர் கையில் கூடையுடன், வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதையில் எல்லாத் தட்டுகளையும் கடந்தாக வேண்டும். விரும்பியதைத் தம் கையாலேயே எடுக்கலாம். பாதையின் முடிவில் பணம் வாங்குபவர் இருப்பார். ஒவ்வொரு பொருளின்மீதும் விலை குறிக்கப்பட்டிருந்தது. கடன் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை. இந்த அமைப்புக்கு 1917ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சாண்டர்ஸ் காப்புரிமையும் பெற்றார். ஒரு கடையின் நடைபாதைக்குக் காப்புரிமையா என்று நேயர்கள் வியக்கலாம். ஆனால் அந்த நடைபாதையில்தான் அவருடைய சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாண்டர்ஸ் கொள்வோரிடம் வேலை வாங்கினார். ஆனால் இலவசமாக வாங்கவில்லை. சிப்பந்திக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறைத்தார்; விலையையும் குறைத்தார். எடுக்கும் உரிமை, தொட்டுப் பார்க்கும் உரிமை, எவரிடமும் கேளாமல் விலையை அறியும் உரிமை ஆகியவற்றையும் கூடவே தந்தார். ஏழைப் பெண் ஒருத்தி சிப்பந்தியின் முகக்குறிப்புக்கு அஞ்சாமல் மலிவான சரக்கைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இது கொடுக்கல் வாங்கல். மக்கள் அதை மனமுவந்து ஏற்றனர். 1923ஆம் ஆண்டுக்குள் அவருடைய கடைகள் ஆயிரத்துக்கு மேல் பெருகிவிட்டன.

அதே 1923இல் அவருக்கு வீழ்ச்சியும் வந்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் தம் நிறுவனப் பங்குகளின் விலையைச் சரிக்க முயன்றவர்களை மடக்கிவிட எண்ணிப் பங்குகளையெல்லாம் தாமே வளைத்து வாங்கினார். சந்தை நிர்வாகம் அப்பங்கின் வணிகத்தை நிறுத்திவைத்தது. சாண்டர்ஸ் தம் நிறுவனத்தையே இழந்தார். அவர் கட்டத் தொடங்கிய இளஞ்சிவப்புக் கல் மாளிகை பின்னர் அருங்காட்சியகமாயிற்று. அவருடைய முதற்கடையின் மாதிரி ஒன்று அதற்குள்ளேயே வைக்கப்பட்டது என்பது விதியின் விளையாட்டுப் போலும்!

ஆயினும் அம்மனிதர் ஓயவில்லை. 1937ஆம் ஆண்டு 'கீடூசில்' என்ற இயந்திரக் கடையை மெம்ஃபிசில் திறந்தார். 'சாவியே எல்லாம் செய்யும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி வைத்த பெயர் அது. கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு மாதிரி இருக்கும். வருவோர் தம்மிடம் கொடுக்கப்பட்ட சாவியை அதனருகிலுள்ள துளையில் இட்டால், அச்சரக்கு அவர் கணக்கில் பதிவாகி, பின்கட்டிலிருந்து நகரும் பட்டையில் வந்து சேரும். கூட்டம் மிகும்போது இயந்திரம் திணறியது. ஒருவர் கேட்ட சரக்கு மற்றொருவருக்குப் போயிற்று. திருத்தித் திருத்திப் பார்த்தும் பயனின்றி 1949இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதன் பின்னரும் 'ஃபுட் எலெக்ட்ரிக்' என்ற மற்றொரு திட்டத்தைத் தீட்டினார். அதில் கொள்வோரே சரக்கை எடுத்து, கட்டி, தம் கணக்கையும் தாமே பார்த்துக்கொள்வார். அக்கடை திறக்கப்படுமுன்னரே, 1953ஆம் ஆண்டு சாண்டர்ஸ் மறைந்தார். இன்றைய இயந்திரம் இன்னதென்று பெயரறியாமலேயே அவர் கண்டுவிட்டார் எனலாம்.

அவரிடம் இல்லாதிருந்தது சரக்கின் விலையை இயந்திரமே படித்தறியும் வழி. அதற்கான விதை பிலடெல்ஃபியா நகரில் விழுந்தது. 1948இல் உணவுக்கடை நிறுவனத் தலைவர் ஒருவர் டிரெக்செல் கல்லூரிக்கு வந்து, கல்லாவில் சரக்கின் விவரத்தைத் தானே படிக்கும் கருவி ஒன்று செய்து தர இயலுமா என்று கேட்டார். முதல்வர் இணங்கவில்லை. அப்பேச்சைத் தற்செயலாகக் கேட்டவர் பெர்னார்டு சில்வர் என்ற மாணவர். அவர் தம் நண்பர் ஜோசஃப் உட்லண்டிடம் சொல்ல, உட்லண்ட் மயாமி கடற்கரை மணலில் அமர்ந்து அதையே சிந்தித்தார். தந்தி முறையில் வழங்கும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்து நீட்டினார். தடித்த கோடும் மெல்லிய கோடும் தோன்றின. 1952இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதைப் படிக்கத்தக்க மலிவான ஒளியும் கணிப்பொறியும் அன்று இல்லை. லேசர் கதிர் வந்த பின்னரே அது கைகூடிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வகுத்த கோட்டு வடிவத்தை 1973ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உணவு வணிகர்கள் பொதுக் குறியாக ஏற்றனர். 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஒஹையோ மாநிலத்து டிராய் என்னும் சிற்றூரில், மார்ஷ் அங்காடியில், 67 சென்ட் விலையுள்ள ஒரு கட்டு ரிக்லி சூயிங்கம் அக்கருவியின் முன் முதன்முதலாகக் காட்டப்பட்டது.

அந்நாளில் எழுந்த ஒரு வழக்கை வரலாற்றாசிரியர்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றனர். கோட்டுக் குறி வந்ததும், பொருள்தோறும் விலைச்சீட்டு ஒட்டும் செலவு இனி வேண்டாம் என்று கடைக்காரர்கள் முனைந்தனர். நுகர்வோர் சங்கங்கள் அதை எதிர்த்தன. கோடுகளை இயந்திரம் படிக்கும், மனிதர் படிக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. மிச்சிகன் மாநிலம் 1976இல், பொருள்தோறும் விலை குறித்தாக வேண்டும் என்று சட்டமே இயற்றியது. அது 2011இல்தான் நீக்கப்பட்டது. சாண்டர்ஸ் 1916இல் கொள்வோருக்குத் தந்த உரிமைகளுள் ஒன்று இவ்வாறு மெல்லக் கழன்றது.

கொள்வோரையே கல்லாச் சிப்பந்தியாக்கும் கருவியைச் செயலுக்குக் கொண்டுவந்தவர் ஃபிளாரிடாவைச் சேர்ந்த டேவிட் ஹம்பிள். அவர் நிறுவிய 'செக்ரோபாட்' நிறுவனத்தின் இயந்திரங்கள் 1986இல் அட்லாண்டா நகரத்தையடுத்த குரோகர் கடையில் வைக்கப்பட்டன. வாங்குவோர் கோட்டுக் குறியைக் காட்டுவார். சரக்கு நகரும் பட்டையில் சென்று மறுமுனையை அடையும். அங்கே ஊழியர் பையிலிடுவார். பணமோ தனியே ஒரு காசாளரிடம் செலுத்தப்படும். ஆகவே அது பாதி வேலையே. மீதியை நிறைவு செய்தது மாண்ட்ரியால் நகரத்து ஹோவர்டு ஷ்னைடர் என்ற மருத்துவரின் அமைப்பு. 1992இல் நியூயார்க் மாநிலத்து பிரைஸ் சாப்பர் அங்காடியில் அது இடம்பெற்றது. இந்த இயந்திர வகையின் உயிர்நாடி லேசரன்று, தராசு.

பை வைக்கும் மேடைக்கு அடியில் தராசு ஒன்று மறைந்திருக்கிறது. ஒவ்வொரு சரக்கின் எடையும் கடையின் கணிப்பொறியில் முன்கூட்டியே பதிவாகியுள்ளது. குறியைக் காட்டிய சரக்கின் எடையும் மேடையில் ஏறிய எடையும் ஒத்திருந்தால் இயந்திரம் இசையும்; ஒவ்வாவிடில் நின்று, ஊழியரை அழைக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பை, மேடையில் கை வைத்த குழந்தை எதுவாயினும் அதற்குச் சந்தேகமே. மருந்துக்கடையில் இத்தொல்லை வேறு விதமானது. அங்கே விற்பவை சிறியவை, எடை குறைந்தவை, விலை மிகுந்தவை. மாத்திரை அட்டைக்கும் உதட்டுச் சாயத்துக்கும் தராசு காவல் நிற்பது எளிதன்று.

தராசின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது பெரும் தலைகீழ் மாற்றமாகத் தோன்றும். தொன்றுதொட்டு எந்நாட்டிலும் அரசும் அறமும் தராசைக் கொண்டு சோதித்தது விற்பவனைத்தான். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, நாடெங்கும் ஒரே அளவை வழங்கவேண்டும் என்று விதித்தது. இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தசிப்' என்னும் அங்காடிக் கண்காணிப்பாளர் படிக்கற்களையும் முகத்தல் அளவைகளையும் சோதித்தார். 1329இல் மறைந்த எகிப்திய அறிஞர் இப்னுல் உகுவ்வா இப்பதவிக்கென்றே ஒரு கையேடு எழுதி, அளவை நிறுவைகளை அதில் விரித்துரைத்தார். அளந்து கொடுப்பவன் குறைத்துவிடக் கூடாது என்பதே அங்கெல்லாம் கவலை. புதிய இயந்திரத்திலோ தராசு திசை மாறிவிட்டது. கடைக்காரர் நிறுப்பது சரக்கை அன்று, கொள்வோரின் நேர்மையை.

அந்த நிறுவை துல்லியமாகவும் இல்லை. விலையுயர்ந்த கனியை மேடையில் வைத்துக் கேரட் என்று பதிவு செய்வோர் உண்டு என்பதைக் குற்றவியல் ஆய்வாளர் எம்மெலின் டெய்லர் விளக்கியிருக்கின்றார். கல்லாவில் மனிதர் இருந்தால் கனவிலும் திருடாதவர்கள் இயந்திரத்தின் முன் அதைத் திருட்டென்றே கருதுவதில்லை என்பது அவர் கண்டது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் பெக், இவ்வியந்திரங்கள் பெருகும் கடைகளில் சரக்கு இழப்பும் கூடுவதை ஆராய்ந்து வெளியிட்டார். தவறுகள் அனைத்தும் கள்ளத்தனம் அல்ல; பயிற்சியோ ஊதியமோ இல்லாத ஒருவர் செய்யும் வேலையில் பிழை நேர்வது இயல்பே. பிழை செய்த சிப்பந்தியை முதலாளி கண்டிப்பார். பிழை செய்த வாடிக்கையாளரோ வாயிலில் நிறுத்தப்படுகிறார். இந்த அநீதியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. விலை குறைந்ததா என்றால், இயந்திரத்தில் கணக்கு முடிப்பவருக்கும் சிப்பந்தியிடம் முடிப்பவருக்கும் ஒரே விலைதான். சாண்டர்ஸ் காலத்துக் கொடுக்கல் வாங்கலில் கொடுக்கல் மட்டும் எஞ்சியது.

பின்வாங்கல் வெகுநாள் தாமதிக்கவில்லை. மது விற்பனையை இவ்வியந்திரங்களின் வழியே நடத்தலாகாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2011இல் சட்டம் செய்தது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பூத்ஸ் நிறுவனம் 2023 நவம்பரில், இரண்டொரு கடைகள் நீங்கலாக மற்றெல்லாவற்றிலிருந்தும் இயந்திரங்களை அகற்றுவதாக அறிவித்தது. 2024இல் அமெரிக்காவின் டாலர் ஜெனரல் பல ஆயிரம் கடைகளில் அவற்றைக் கைவிட்டது. டார்கெட் நிறுவனம் பத்துப் பொருள்களுக்கு மேல் கூடாதென வரம்பு கட்டியது. நெதர்லாந்தின் யும்போ நிறுவனம் செய்தது முற்றிலும் வேறு. 2019இல் ஃபிளைமன் என்னும் ஊரில் 'பேச்சுக் கல்லா' ஒன்றைத் திறந்தது. அங்கே சிப்பந்தி அவசரப்படமாட்டார். தனிமையில் வாடும் முதியோர் நின்று நாலு வார்த்தை பேசிச் செல்லலாம். வரவேற்பைக் கண்டு 2021இல் இருநூறு கடைகளுக்கு அதை விரிவுபடுத்த முடிவு செய்தனர். முன்னெல்லாம் எந்தக் கடையிலும் செலவின்றிக் கிடைத்ததற்கு இப்போது தனிப் பலகை மாட்ட வேண்டியிருந்தது!

அமெரிக்க மருந்துக்கடைகளில் நேர்ந்ததோ இவையனைத்திலும் விந்தையானது. திருட்டுக்கு அஞ்சிய கடைகள் பற்பசை, சவர அலகு, சோப்பு முதலியவற்றைக் கண்ணாடிப் பேழைகளுக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கின. வேண்டுபவர் பொத்தானை அழுத்தி, சாவியுடன் ஊழியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பூட்டிவைத்தால் விற்பனை குறைகிறது என்று வால்கிரீன்ஸ் நிறுவனத் தலைமை நிர்வாகி டிம் வென்ட்வொர்த்தே 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஒப்புக்கொண்டார். 1916இல் சாண்டர்ஸ் அகற்றிய பலகை கண்ணாடியாக மீண்டும் எழுந்து நிற்கிறது. சிப்பந்தி வந்து எடுத்துத் தருகின்றார். எடுத்துத் தந்த பின், அப்பற்பசையுடன் இயந்திரத்தின் முன் சென்று நின்று, கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாங்கியவரே.