பழவேற்காட்டில் திறந்த கதவு

ஓர் ஊரின் பெருமை அதன் கோட்டைகளில் மட்டும் அடங்கியிருப்பதில்லை. அங்கே வாழ்ந்து சென்ற மாந்தரிடமும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் கேன்டர்பரி என்றதும், 1170-இல் தம் பேராலயத்திலேயே வெட்டுண்டு இறந்த பேராயர் புனித தாமஸ் பெக்கெட் நம் நினைவுக்கு வருகிறார். சென்னைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, மீனவர் குப்பங்கள் சூழ நிற்கும் பழவேற்காடு என்றதும் நாம் யாரை நினைக்க வேண்டும்?

கத்தோலிக்கராகிய நாம் முதலில் நினைக்கத் தக்கவர் தியோகு பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கீசியர். 1517-இல் அவரும் பஸ்தியான் பெர்னாந்தஸ் என்பவரும் மலாக்காவிலிருந்து ஆர்மேனிய வணிகரோடு வந்து இங்கே கரையிறங்கினர். அந்த ஆர்மேனியர் அழைக்கவே மயிலாப்பூர் சென்று, புனித தோமையாரின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தைக் கண்டனர். 1523-இல் அக்கல்லறை அகழப்பட்டபோதும் தியோகு உடனிருந்தார். இவ்வூரின் மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று மரபு கூறுகிறது. ஆக, நம் விசுவாச வரலாற்றின் ஒரு பக்கம் இக்கரையில் எழுதப்பட்டது.

அடுத்து வந்தவர் ஒல்லாந்தர். 1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் அவர்களுக்கு இங்கே வணிக உரிமை அளித்தார். 1612-இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை அழித்தனர். ஒரே கிறிஸ்துவை அறிக்கையிட்ட இரு கூட்டத்தார், துணிக்கும் மிளகுக்குமான வணிகத்தில் பகைவராயினர். மறு ஆண்டே வெம்மர் வான் பெர்க்கெம் என்னும் ஒல்லாந்தத் தலைவர் கோட்டை ஒன்றை எழுப்பி, தம் சொந்த மாநிலத்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார். இன்று அக்கோட்டை புதர் மண்டிய மேடு. எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமே எஞ்சியிருக்கிறது.

அக்கல்லறைத் தோட்டத்தில் இல்லாத இருவரையே நாம் பெரிதும் மதிக்கிறோம். ஒருவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ், 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே பணியாற்றிய சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். மற்றவர் பத்மநாபன் என்னும் அந்தணர். ஒருவர் கேட்டார், மற்றவர் சொன்னார். அந்தணரின் வழிபாடுகளும் வாழ்க்கை முறைகளும், பர்த்ருஹரியின் நீதி மொழிகளும் வைராக்கிய மொழிகளும் ஒல்லாந்த மொழியில் ஏறின. இருவரும் உரையாடுவதற்குத் துணை நின்றது போர்த்துக்கீசிய மொழி. வணிகத்திலே பகை வளர்த்தவர்களின் மொழி, இங்கே உறவுக்குப் பாலமாயிற்று!

ரொஜேரியுஸ் 1649-இல் தம் தாயகத்தில் இறந்தார். இரண்டாண்டு கழித்து, அவருடைய கைம்பெண்ணின் முயற்சியால் அந்நூல் லெய்டன் நகரில் வெளியாயிற்று. மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் பொருள். 'புறச்சமயம்' என்னும் சொல்லில் அக்காலத்தின் குறுகிய பார்வை தெரிகிறது. ஆயினும், பிறரைக் கண்டிக்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற நேர்மையும் அந்நூலிலே தெரிகிறது. ஏனைய சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் இருவர் அமர்ந்து பேசியிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி வரலாற்றையே சொன்னவர்களாவோம். அதே நூற்றாண்டில், அதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பஞ்சமும் போரும் அவர்களை விலைப்பொருளாக்கின. வாங்கியவர் அயலார், பிடித்துக் கொடுத்தவருள் நம்மவரும் உண்டு. போர்த்துக்கீசியரும் இவ்வணிகத்தில் கைநனைத்தவர்களே. எனவே கத்தோலிக்கர் என்ற முறையில் நாம் ஒல்லாந்தரை மட்டும் சுட்டி விலகிவிட முடியாது. ஜெபம் ஒலித்த கோட்டையிலேதான் மனிதருக்கு விலை பேசப்பட்டது. அவர்களுள் ஒருவர் பெயரும் இங்கே எந்தக் கல்லிலும் இல்லை.

சான்றோர் யார் என்பதற்கு நாம் வேறோர் அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோட்டை கட்டியவரின் கோட்டை மண்ணாயிற்று. கேட்டவரும் சொன்னவரும் நூலில் வாழ்கின்றனர். விற்கப்பட்டவர்களோ இறைவனின் நினைவில் மட்டுமே வாழ்கின்றனர். ஒரு குருவியையும் மறவாதவர் நம் தந்தை என்று விசுவசிக்கும் நாம், அவர்களை மறப்பது தகுமா? ஆலயத்தில் இறந்தோருக்காக மன்றாடும்போது அப்பெயரற்றவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

பழவேற்காட்டில் இன்றும் மகிமை மாதா ஆலயமும், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், பெரிய பள்ளிவாசலும் ஒரே ஊரில் நிற்கின்றன. பத்மநாபனைப் போல் மனம் திறந்து சொல்பவர்கள் நம் தெருவிலும் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்களிடம் பொறுமையாகக் கேட்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?