கரிலியன்

பிரிட்டனின் முன்னணிக் கட்டுமான ஒப்பந்த நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. 1999இல் டார்மாக் நிறுவனத்திலிருந்து பிரிந்து உருவானது. 2018 ஜனவரி 15 அன்று திவாலானபோது அதன் பொறுப்புகள் ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. கையிருப்போ வெறும் 2.9 கோடி.

பிரிட்டன் கட்டுமானச் சந்தையில் போட்டி கடுமை, லாபம் சொற்பம். குறைந்த விலை கேட்டு ஒப்பந்தம் பிடித்தால், ஒரே ஒரு பணி இழுபட்டாலும் அந்த லாபம் கரைந்துவிடும். கரிலியனோ நட்டத்தைக் கணக்கில் காட்டத் தாமதித்தது. பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையைத் தொடர்ந்து வழங்கியது. துணை ஒப்பந்ததாரர்களுக்கு விதித்த பட்டுவாடாத் தவணை 120 நாள் வரை நீண்டது. இது பெருங்கொடுமை: வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்த சிறு நிறுவனங்களே நிலுவையை இழந்து தவித்தன. கரிலியன் கட்டிவந்த புதிய ராயல் லிவர்பூல் மருத்துவமனை பாதியில் நின்று, 2022இல்தான் திறக்கப்பட்டது.