தரப்படுத்தலின் மறுபாதி

‘தரப்படுத்தல்’ என்ற சொல்லை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். பொறியியல் படித்த எனக்கு மறக்காத கணக்கு இது: 1971இல் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் சோதனை எழுதியவர்களுக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 227 போதும். அப்பட்டமான அநியாயம்.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இங்கேதான் கதை சிக்கலாகிறது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. ஆனால் நல்ல ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடங்களில் படித்த வன்னி, மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. இந்தப் பாதியை நம் பெரியவர்கள் அதிகம் சொல்வதில்லை (கதை சொல்பவர் யாழ்ப்பாணத்தார் என்றால் கேட்கவே வேண்டாம்).

இன்றும் அங்கே பொறியியல், மருத்துவ இடங்களில் 40 வீதம் தீவு முழுவதற்குமான புள்ளி வரிசைப்படி, 55 வீதம் மாவட்டப்படி. மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியில் படித்த என் மச்சாள் ஒருத்தி மாவட்ட வழியாகத்தான் உள்ளே போனாள்.