மண்வெட்டி பிடித்த செரெசோல்

பேரிடர் நடந்த இடத்துக்குக் கிறிஸ்தவத் தொண்டர்கள் வந்தாலே, "மதம் மாத்த வந்துட்டாங்க" என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். சும்மா கிளம்பிய சந்தேகம் என்று தள்ளவும் முடியாது. 1877-78 பஞ்சத்தின்போது திருநெல்வேலியில் மிஷன்களின் நிவாரணமும் பெருந்திரள் மதமாற்றமும் ஒரே சமயத்தில்தான் நடந்தன. ஆனால் வரலாற்றில் வேறு மாதிரியும் உண்டு.

1934 ஜனவரி 15, பீகார் நிலநடுக்கம். பூமி பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வயல்களை மூடின. தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்றார் காந்தி; தாகூர் மறுத்தார். இந்த விவாதம் பலருக்குத் தெரியும். பியர் செரெசோல் என்ற பெயர்தான் நம்மூரில் அவ்வளவாகக் காதில் விழாது.

சுவிட்சர்லாந்துக்காரர். அப்பா அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர், இவர் பொறியாளர். கிறிஸ்தவ நம்பிக்கையால் ராணுவ வரி கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனவர். 1920ல், போரில் நொறுங்கிய வெர்தன் பக்கத்துக் கிராமமொன்றைச் சீரமைக்க ஆள் திரட்டினார். பிரெஞ்சு மண்ணில் வேலை செய்த அந்தக் குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் அமைப்பு அங்கேதான் பிறந்தது.

பீகாரிலும் அதே முறைதான். சில ஐரோப்பியத் தொண்டர்களோடு வந்து, முசாபர்பூர் மாவட்டத்தில் வெள்ளம் சூழ்ந்த கிராமங்களை மேட்டு நிலத்தில் திரும்பக் கட்ட, ஊர்க்காரர்களோடு சேர்ந்து மண் சுமந்தார். ராஜேந்திர பிரசாத்தோடும் பேசினார், பிரிட்டிஷ் அதிகாரிகளோடும் பேசினார். பிரசங்கம் அவர் திட்டத்திலேயே இல்லை. பேச்சைவிடச் செயல் என்பதுதான் அமைப்பின் கொள்கை.

ஆக, யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பதல்ல கேள்வி. கொடுக்கும் உதவிக்குப் பின்னால் நிபந்தனை இருக்கா, இல்லையா? அதைப் பார்த்தால் போதும்.